முகம் மீட்டுத் தந்த மருத்துவர்

முதல் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக பிரிட்டன் அரசு ஓர் அட்டவணை வைத்திருந்தது. எந்த உறுப்பை இழந்தால் எத்தனை விழுக்காடு இழப்பு என்று அதில் வகுத்திருந்தார்கள். ஒரு கையையோ ஒரு காலையோ இழந்தவருக்குப் பகுதி ஓய்வூதியம். இரண்டு கால்களையும் இழந்தவருக்கும், இரு கண்களின் பார்வையையும் இழந்தவருக்கும் முழு ஓய்வூதியம். அந்த முழு ஓய்வூதியப் பட்டியலில் இன்னொரு வகையினரும் இருந்தனர். அவர்கள் முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தவர்கள்.

பொருளாதாரம் கற்றவர்களை இந்த ஒரு வரி நின்று யோசிக்க வைக்கும். இழப்பீடு என்பது பொதுவாக இழந்த உழைப்புத் திறனுக்கு ஈடாகத் தரப்படுவது. முகம் சிதைந்தவருக்குக் கைகள் இருக்கின்றன, கால்கள் இருக்கின்றன. அவரால் ஏர் பிடிக்க முடியும். எந்திரம் ஓட்ட முடியும். ஆயினும் அவர் அனைத்தையும் இழந்தவராகவே கணக்கிடப்பட்டார். ஏனெனில், மனிதன் கையால் மட்டும் பிழைப்பதில்லை. வேலை கேட்டுப் போய் நிற்பதற்கும், கடையில் பொருள் வாங்குவதற்கும், பெற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கும் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. வறட்டுக் கணக்கு என்று நாம் நினைக்கும் ஓர் அரசு அட்டவணை, அந்த உண்மையை ஒப்புக்கொண்டிருந்தது.

அரசு அந்த இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட முயன்றது. அதே காலத்தில், இழந்த முகத்தையே திருப்பித் தர முயன்றார் ஒரு மருத்துவர். நவீன பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் சர் ஹரால்டு கில்லீஸ்தான் அவர்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1882 ஜூன் 17 அன்று பிறந்தவர் கில்லீஸ். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை ராபர்ட் கில்லீஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வானியலில் பேரார்வம் கொண்டவர். ஹரால்டுக்கு நான்கு வயதானபோது தந்தை காலமானார். சிறுவயதில் முழங்கை முறிந்து, அந்த மூட்டு வாழ்நாள் முழுவதும் முழுமையாக இயங்காமலே இருந்தது. பின்னாளில் உலகின் மிக நுட்பமான அறுவைகளைச் செய்த கரங்களில் ஒன்று குறைபாடு உடையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் படிப்பில் மட்டுமல்லாது விளையாட்டிலும் பெயர் பெற்றார். 1904-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான புகழ்பெற்ற படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் அணியில் துடுப்பு வலித்தார். கோல்ஃப் ஆட்டத்திலும் தேர்ந்தவர். ஓவியத்தில் நாட்டம் உண்டு. குறும்புகளுக்கும் பெயர் போனவர். லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1910-இல் அறுவை மருத்துவருக்கான உயர் தகுதியை அடைந்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டு, அத்துறையில் புகழ்பெற்றிருந்த சர் மில்சம் ரீஸின் உதவியாளராகச் சேர்ந்தார். 1911-இல் திருமணம். வசதியான லண்டன் மருத்துவராக அமைதியாக வாழ்ந்து முடித்திருக்க வேண்டியவர். 1914-இல் போர் வந்தது.

அந்தப் போர் முகங்களைக் குறிவைத்த போர். வீரர்கள் மாதக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். உடல் மண்ணுக்குள் மறைந்திருக்க, எட்டிப் பார்க்கும் தலையும் முகமும்தான் எதிரிக்கு இலக்காயின. எறிகணைகள் வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டுகள் மூக்கையும் தாடையையும் பெயர்த்துக்கொண்டு போயின. இரும்புத் தலைக்கவசம் வந்த பிறகு மூளைக் காயத்திலிருந்து பலர் தப்பினர். ஆனால், தலைக்கவசம் முகத்தை மறைப்பதில்லை. முந்தைய போர்களில் களத்திலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடு திரும்பினர், முகம் இல்லாமல்.

தாடை உடைந்தவர்களை உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. களத்தில் பணியாற்றிய வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற மருத்துவர், தாடையில் குண்டடிபட்ட ஒரு வீரரைத் தலையை முன்னால் சாய்த்தபடி நடத்திக் கூட்டிவந்து முதலுதவி முகாமில் விட்டார். அவர் திரும்பிய சற்று நேரத்தில் அந்த வீரரைத் தூக்குக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தனர். நாக்கு பின்னால் சரிந்து, மூச்சடைத்து அவர் இறந்துபோனார். தாடைக் காயம் பட்டவரை மல்லாக்கப் படுக்க வைக்கக்கூடாது என்ற பாடம் இத்தகைய மரணங்களிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டதுதான். பல் மருத்துவமும் பயின்றவரான அதே ஃப்ரை பின்னாளில் கில்லீஸின் வலக்கரம் ஆனார்.

1915-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பிரான்ஸ் சென்ற கில்லீஸ் அங்கு இருவரைக் கண்டார். ஒருவர் ஆகுஸ்ட் சார்ல்ஸ் வலாடியே. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற பல் மருத்துவர். உடைந்த தாடைகளைச் சீராக்கும் பணியில் துணிச்சலான முயற்சிகளை மேற்கொண்டிருந்தார். அவர் அறுவை செய்யும்போது மருத்துவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. அப்படி உடனிருந்து பார்த்தவர் கில்லீஸ். இன்னொருவர் பாரிஸ் நகரின் வால் தெ கிராஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய இப்போலித் மோரெஸ்தேன். முகத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றிவிட்டு, அதனால் ஏற்பட்ட பள்ளத்தைப் பக்கத்துத் தோலைத் திருப்பி அவர் மூடியதை கில்லீஸ் கண்டார். தம் வாழ்வின் வேலை எது என்பது அவருக்கு அன்று புரிந்துவிட்டது.

லண்டன் திரும்பிய கில்லீஸ், ராணுவ அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமையில் இருந்த சர் வில்லியம் ஆர்பத்நாட் லேனிடம் வாதாடி, முகக் காயங்களுக்கென்று தனிப் பிரிவு அமைக்க அனுமதி பெற்றார். 1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் நகரின் கேம்பிரிட்ஜ் ராணுவ மருத்துவமனையில் அந்தப் பிரிவு தொடங்கியது. காயம்பட்டவர்கள் வேறெங்கோ அனுப்பப்பட்டு வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. ஆகவே, தம் மருத்துவமனையின் முகவரி எழுதிய சீட்டுகளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, காயம்பட்ட வீரர்களின் மீது கட்டி அனுப்புவதற்காகப் போர்முனைக்கு அனுப்பிவைத்தார். அலுவலகக் கோப்புகள் நகரும் வேகத்தை நம்பிக் காத்திராத ஒரு மனிதரின் செயல் அது.

சீட்டுகள் வேலை செய்தன. 1916 ஜூலை முதல் நாளன்று சோம் நதிக்கரையில் பெருந்தாக்குதல் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வீழ்ந்தனர். அவர்களில் 19 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தப் போரின் விளைவாக இருநூறு பேர் வரக்கூடும் என்று கில்லீஸின் பிரிவு எதிர்பார்த்திருந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்.

அதுவரை முகக் காயங்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை எளிமையானது, அதனாலேயே கொடுமையானது. காயத்தின் இரு விளிம்புகளையும் இழுத்துப் பிடித்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறும். ஆனால், உள்ளே எலும்பு இல்லை. வாயின் உட்புறத்தை மூடும் மென்தோல் இல்லை. தழும்பு சுருங்கச் சுருங்க வாய் ஒரு பக்கம் கோணும். கண் இமை கீழே இழுபடும். வாயைத் திறக்கவே முடியாமல் போகும். உணவை மெல்ல முடியாது; பேச்சு புரியாது; எச்சில் வழிந்துகொண்டே இருக்கும்.

கில்லீஸ் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார். தைத்து மூடப்பட்டிருந்த காயத்தை முதலில் பிரித்துத் திறந்தார். எஞ்சியிருக்கும் சதை, தோல், உதடு ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பான இடத்துக்குத் திருப்பினார். அப்போதுதான் உண்மையில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்பது தெரியும். பிறகு மூன்றையும் வரிசையாக அமைத்தார்: உள்ளே ஓர் உட்புறத் தோல், நடுவே தாங்கி நிற்க எலும்போ குருத்தெலும்போ, வெளியே ஒரு மேல்தோல். வீடு கட்டுவதில் அடித்தளம், சுவர், பூச்சு என்ற வரிசை மாறக்கூடாதது போலத்தான் இதுவும். தாடை எலும்பும் பற்களும் ஃப்ரையின் பொறுப்பு. சதையும் தோலும் கில்லீஸின் பொறுப்பு. அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் சமமாக நின்று வேலை செய்தால் மட்டுமே வாயையும் முகத்தையும் சீரமைக்க முடியும் என்ற இன்றைய நடைமுறைக்கு வித்திட்ட கூட்டணிகளில் அதுவும் ஒன்று.

அக்குழுவில் ஓர் ஓவியரும் இருந்தார். ஹென்றி டாங்ஸ் என்னும் அவர் மருத்துவராக இருந்து ஓவியரானவர். லண்டனின் ஸ்லேடு கலைப் பள்ளி ஆசிரியர். வீரர்களின் முகங்களை அறுவைக்கு முன்னும் பின்னும் அவர் வண்ணச் சுண்ணக் கோல்களால் வரைந்தார். மருத்துவப் பதிவாக வரையப்பட்ட அப்படங்களில் காயத்தைவிட, நம்மை நேராகப் பார்க்கும் மனிதரே முதலில் தெரிகிறார். ஒவ்வொரு நோயாளிக்கும் படம், புகைப்படம், அறுவைக் குறிப்பு, வார்ப்பு என்று கில்லீஸ் சேர்த்துவைத்த ஆவணங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

கில்லீஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருந்தது. அதன் தொடக்கம் நம் மண்ணில்தான். அறுபட்ட மூக்கைக் கன்னத் தோலைக் கொண்டு சீரமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலப் படையின் மாட்டு வண்டி ஓட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவர் 1792-இல் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர் புணேவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கவாஸ்ஜியின் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் இச்செய்தி படத்துடன் வெளியானது. அதைக் கண்டு ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814-இல் அந்த அறுவையை லண்டனில் செய்துகாட்டினார். நெற்றித் தோல் கொண்டு மூக்கு அமைக்கும் அம்முறைக்கு மேலை மருத்துவ நூல்களில் இன்றும் இந்திய முறை என்றே பெயர். கில்லீஸின் மேசையிலும் அது இடம்பெற்றது. பிளாஸ்டிக் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு வனைதல் என்றே பொருள். மண்ணை வனைந்து அறிந்த ஒருவரின் கை அந்தக் கலையை உலகுக்குக் காட்டியது பொருத்தமே.

ஆல்டர்ஷாட்டில் இடம் போதவில்லை. 1917-இல் லண்டனுக்கு அருகே சிட்கப் என்னும் ஊரில் முக சீரமைப்புக்கென்றே குவீன்ஸ் மருத்துவமனை உருவாயிற்று. நாளடைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்டதாக அது வளர்ந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் மருத்துவக் குழுக்களும் அங்கே வந்து சேர்ந்தன. ஒரு குழு கண்டறிந்ததை மற்றொரு குழு மறுநாளே பார்த்துக் கற்றது.

அங்குதான் 1917 அக்டோபரில் கில்லீஸின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஜட்லாண்டு கடற்போரில் முகம் முழுவதும் வெந்துபோன வில்லி விக்கரேஜ் என்ற கடற்படை வீரருக்கு மார்புத் தோலை உயர்த்தி முகத்தில் பொருத்தும் அறுவை நடந்துகொண்டிருந்தது. அப்படிப் பொருத்தும் தோல் உடனே முழுவதுமாக வெட்டி எடுக்கப்படுவதில்லை. புது இடத்தில் வேர் பிடிக்கும் வரை, ஒரு பட்டை போன்ற இணைப்பின் வழியே பழைய இடத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பட்டையின் உட்புறம் திறந்த புண்ணாக இருக்கும், எளிதில் சீழ்ப்பிடிக்கும். ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத காலம் அது. வெட்டிய பட்டையின் ஓரங்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருள்வதைக் கில்லீஸ் கவனித்தார். அந்த ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் அது ஒரு குழாயாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வெளியே தோல், உள்ளே ரத்த ஓட்டம், எங்கும் திறந்த புண் இல்லை. இதனால் நோய்த்தொற்று குறைந்தது. ரத்த ஓட்டம் பெருகியது. உடலின் தொலைவான பகுதியிலிருந்தும் தோலை முகத்துக்குக் கொண்டுவர வழி பிறந்தது.

இதே முறையை ஒடெசா நகரில் கண் மருத்துவர் விளாதிமிர் ஃபிலாதவும் தனியாகக் கண்டறிந்து, கில்லீஸுக்குச் சற்று முன்பே பயன்படுத்தியிருந்தார். போர் எழுப்பிய சுவர்களால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை. முன்னுரிமை யாருக்கு என்பதைவிட, அந்தக் குழாய் வழியே எத்தனை பேருக்கு முகம் கிடைத்தது என்பதே பெரிது. அந்த வகையில் கில்லீஸின் சிட்கப்பே அம்முறையின் பெரும் பள்ளியாக விளங்கியது.

வெற்றிகளை மட்டும் சொல்லி ஒரு மருத்துவரின் வாழ்வை முடித்துவிட முடியாது. ஹென்றி லம்லி என்ற இளம் விமானி, பயிற்சி முடித்த நிலையில் விமானம் நொறுங்கித் தீப்பிடித்ததில் முகத்தை முற்றிலுமாக இழந்தார். 1918-இன் தொடக்கத்தில், அவரது மார்பிலிருந்து மிகப் பெரிய அளவில் தோலை எடுத்து முழு முகத்தையும் ஒரே கட்டத்தில் மூட கில்லீஸ் முயன்றார். நெடுநாள் வேதனையாலும் வலி மருந்துகளாலும் நலிந்திருந்த அந்த உடல் தாங்கவில்லை. தோல் அழுகியது; சில வாரங்களில் லம்லி இறந்தார். கில்லீஸ் இதை மறைக்கவில்லை. நாளை செய்யத்தக்க அறுவையை அவசரப்பட்டு இன்றே செய்யக்கூடாது என்பதைத் தம் தொழிலின் முதன்மையான விதிகளுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டார். முகச் சீரமைப்பு என்பது ஒரே நாளில் நடக்கும் அற்புதம் அன்று. பத்து, பதினைந்து, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட அறுவைகளாக, ஆண்டுக்கணக்கில் நீளும் பொறுமை என்பதை அந்த மரணம் அவருக்குக் கற்பித்தது.

முகத்தில் அறுவை செய்யும்போது மயக்க மருந்து கொடுப்பதே ஒரு சிக்கல். மூக்கையும் வாயையும் மூடித்தான் மயக்க மருந்து தர வேண்டும். ஆனால், அறுவை செய்ய வேண்டிய இடமும் அதுவே. போர் முடிந்த பின் சிட்கப்பில் பணியாற்றிய ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் ஆகிய இருவரும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி அதன் வழியே மயக்க வாயுவைத் தரும் முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று உலகெங்கும் உள்ள அறுவை அரங்குகளில் அன்றாடம் பயன்படும் முறை அது. முகம் இழந்த வீரர்களுக்காகச் செய்யப்பட்ட ஒன்று, குடல்வால் அறுவைக்குப் படுக்கும் நமக்கும் பயன்படுகிறது.

சிட்கப் மருத்துவமனைக்குள் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு இடமில்லை. ஊருக்குச் செல்லும் சாலையோரத்தில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அவற்றில் அமர்ந்திருப்பவர்களின் முகத்தைக் கண்டு அதிர்ச்சி அடைய வேண்டாம் என்று ஊராருக்கு அது ஓர் அறிவிப்பு. அந்த நீல வண்ணத்தில் இரக்கமும் இருந்தது, விலக்கலும் இருந்தது. சீரமைக்க முடியாதவர்களுக்காக லண்டனில் சிற்பி பிரான்சிஸ் டெர்வென்ட் உட் என்பவரும், பாரிஸில் அன்னா கோல்மன் லாடு என்ற அமெரிக்கச் சிற்பியும் மெல்லிய உலோகத் தகட்டில் முகமூடிகள் செய்து, தோல் நிறத்தில் வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். அவை அழகாகவே இருந்தன. ஆனால், முகமூடி சிரிக்காது, மெல்லாது, மனிதருக்கு வயது கூடும்போது அதற்கு வயது கூடாது. முகம் என்பது பார்ப்பதற்கான பொருள் மட்டும் அன்று, இயங்கும் உறுப்பு என்ற கில்லீஸின் கொள்கைக்கு அந்த முகமூடிகளே எதிர்மறைச் சான்று.

போரின் முடிவிலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் சிட்கப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பதினோராயிரத்துக்கும் அதிகமான அறுவைகள் நடந்தன. 1920-இல் முகத்தின் பிளாஸ்டிக் அறுவை பற்றிய தம் பெருநூலை கில்லீஸ் வெளியிட்டார். அதில் தோல்விகளும் படங்களோடு இடம்பெற்றன.

போர் முடிந்ததும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. போரால் பிறந்த துறைக்குச் சமாதானத்தில் வேலை இல்லை என்று பலர் கருதினர். மருத்துவ உலகின் மூத்தவர்கள் அதைத் தனித் துறையாகவே ஏற்கத் தயங்கினர். கில்லீஸ் தனியார் மருத்துவராக மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. செல்வர்களின் மூக்கையும் முகச் சுருக்கங்களையும் திருத்தும் அழகுச் சிகிச்சையையும் அவர் செய்தார். இயல்பான நிலைக்குத் திருப்புவது சீரமைப்பு, இயல்பை விஞ்ச முயல்வது அழகூட்டல் என்று அவர் வேறுபாடு கண்டார். எனினும் ஒரு சிறு மாற்றம் ஒருவருக்கு மனமகிழ்ச்சி தருமானால் அதை இழிவாகப் பார்க்க அவர் தயாராக இல்லை. 1930-இல்தான் சர் பட்டம் வந்தது. மிகத் தாமதமாக வந்தது என்பதே பலரின் கருத்து. 1939-இல் அடுத்த உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் முழுவதிலும் முழுநேர பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் நான்கே பேர்: கில்லீஸ், அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்டு மக்கிண்டோ, டாமி கில்னர், ரெயின்ஸ்ஃபோர்டு மௌலம். இருபது ஆண்டுகளில் ஒரு நாடு இவ்வளவுதான் சேர்த்துவைத்திருந்தது. தேவை வரும்போது திறமையைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் பேசிங்ஸ்டோக் அருகே ரூக்ஸ்டவுன் ஹவுஸ் என்ற மருத்துவமனையைக் கில்லீஸ் நடத்தினார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் தீயில் வெந்த விமானிகளுக்கு முகம் தந்தார் மக்கிண்டோ. முதல் போரில் விதைத்தது இரண்டாம் போரில் விளைந்தது. 1946-இல் பிரிட்டிஷ் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் கில்லீஸே. அதே ஆண்டுகளில், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்த மைக்கேல் டில்லனுக்குப் பல கட்ட அறுவைகளைச் செய்தார். சட்டமும் சமூகமும் முகம் சுளித்த காலத்தில், தம்மை நாடி வந்த ஒருவரைத் திருப்பி அனுப்ப அவர் விரும்பவில்லை.

அவருடைய பெரிய சொத்து மாணவர்கள்தாம். அவருடன் சேர்ந்து 1957-இல் பிளாஸ்டிக் அறுவையின் கோட்பாடுகளும் கலையும் பற்றிய நூலை எழுதிய அமெரிக்கர் ரால்ஃப் மில்லார்டு, பிறவி உதட்டுப் பிளவைச் சீராக்கும் புதிய முறையைக் கண்டார். உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளின் உதடுகள் அம்முறையால் சேர்ந்திருக்கின்றன. பிறவியிலேயே நடுமுகம் உள்வாங்கியிருந்த ஒருவருக்கு முக எலும்பையே அறுத்து முன்னால் நகர்த்தும் அறுவையைக் கில்லீஸ் செய்து 1950-இல் பதிவிட்டார். பிரெஞ்சு மருத்துவர் பால் டெஸியே அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார். கில்லீஸிடம் பயின்ற மும்பை மருத்துவர் நோஷிர் ஆன்டியா, தொழுநோயால் மூக்கும் முகமும் சிதைந்த ஏழைகளுக்கு அக்கலையைக் கொண்டு சேர்த்தார். மேகநோயால் உள்ளிருந்து சுருங்கி அமுங்கிய மூக்குகளுக்கு, உட்புறத்தில் தோல் ஒட்டி நிமிர்த்தும் முறையைக் கில்லீஸ் வகுத்திருந்தார்; தொழுநோயாளிகளின் மூக்குக்கும் அது கைகொடுத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தலைமையில் நடந்த தொழுநோயாளிகளின் கை, கால், முகச் சீரமைப்பும் அதே மனிதநேயத்தின் தொடர்ச்சியே. செங்கல் அறுத்தவரின் கையிலிருந்து புறப்பட்ட கலை, ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியது.

1960 ஆகஸ்டில், 78 வயதில், ஓர் இளம்பெண்ணின் சிதைந்த காலுக்கு அறுவை செய்துகொண்டிருந்தபோது கில்லீஸுக்கு மூளையில் ரத்த உறைவு ஏற்பட்டது. செப்டம்பர் 10 அன்று லண்டனில் காலமானார். வாழ்நாளில் பெரும்பொருள் ஈட்டியவர் விட்டுச் சென்றது சுமார் 21 ஆயிரம் பவுண்டு மட்டுமே. கணக்கு எழுதுவோர் இதைக் குறைவான இருப்பு என்பர். ஆனால், அவருடைய இருப்பு வேறு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? முகச் சீரமைப்பைப் பணக்காரர்களின் அழகு மோகம் என்று கருதும் போக்கு நம்மிடையே இன்னும் இருக்கிறது. திரைப்பட நட்சத்திரங்களின் மூக்கைப் பற்றிய வம்புப் பேச்சில் அத்துறையின் பெயர் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதன் உண்மையான நோயாளிகள் வேறு. அமிலம் வீசப்பட்ட பெண், சமையல் அடுப்புத் தீயில் வெந்தவர், தலைக்கவசம் இல்லாமல் விழுந்து தாடை நொறுங்கிய இளைஞர், உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த குழந்தை, புகையிலையால் வாய்ப்புற்று வந்து தாடையை இழந்த கூலித் தொழிலாளி. இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றும் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

நம் சட்டம் இத்திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2013-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. சீரமைப்பு அறுவை உள்ளிட்ட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2015-இல் ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரிட்டன் அட்டவணையில் இருந்த அந்த வரியை நாமும் எழுதிவிட்டோம் என்று சொல்லலாம்.

ஆனால், வரி எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதிதான் கில்லீஸின் வேலை. காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஓர் அறுவைக்கு ஒரு தொகை என்றே கணக்கிடுகின்றன. முகமோ ஒரே அறுவையில் திரும்புவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊரிலிருந்து வந்து போகும் செலவு, உடன் வருபவரின் கூலி இழப்பு, இடைப்பட்ட மாதங்களில் வேலை கிடைக்காத வறுமை ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் சிகிச்சையின் விலை. மூன்றாவது அறுவையோடு நின்றுவிட்ட நோயாளிகளுக்கு மருத்துவம் தோற்கவில்லை. நம் கணக்கு தோற்றது. அறுவை மருத்துவர், பல் மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ், ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பிரிவுகள் அரசு மருத்துவமனைகளில் பெருக வேண்டும். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரே கணக்காகப் பார்த்து நிதி ஒதுக்க வேண்டும். போர் வந்தபிறகு மருத்துவர்களைத் தேடிய நாட்டின் தவறை, விபத்துகளும் வாய்ப்புற்றும் அன்றாடம் நிகழும் நாம் செய்யக்கூடாது.

இனி எஞ்சுவது ஒன்று. அது அரசு செய்ய வேண்டியதன்று. நாம் செய்ய வேண்டியது. பேருந்தில், வங்கியில், பள்ளி வாசலில் தழும்பேறிய முகத்தோடு ஒருவர் எதிரில் வரும்போது, பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல், வெறித்தும் பார்க்காமல், மற்றவரிடம் பேசுவது போலவே பேசுவது. சிட்கப் சாலையின் நீல இருக்கைகள் ஒரு மரியாதைக்கும் ஒரு தோல்விக்கும் நடுவே நின்றன. எந்த இருக்கைக்கும் தனி வண்ணம் தேவைப்படாத ஊரை உருவாக்குவதே, கில்லீஸ் தொடங்கிவைத்த அறுவையின் கடைசிக் கட்டம். அதற்குக் கத்தி தேவையில்லை.